சிமெண்டுப் பாறையும் சங்குப்பூ நீரும்

எங்கள் அறிவியல் அறையிலுள்ள மீன்தொட்டிப் பாறையை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தனர். அது கடையில் வாங்கியதன்று. ஐந்தாம் ஆண்டு மாணவர்களும் நானும் செய்தது. செய்முறையை எழுதித் தருகிறேன் என்று வாக்களித்திருந்தேன். எழுத அமர்ந்தபோதுதான், செய்முறையை மட்டும் எழுதினால் பாதியை மறைத்தவளாவேன் என்று தோன்றியது.

தொட்டி சிறியது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சுமார் 50 லிட்டர் நீர் கொள்ளும். அதில் ஹார்லகுவின் ரஸ்போரா மீன்களை வளர்ப்பது என முடிவாயிற்று. செம்பு நிற உடலின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம் கொண்ட இச்சிறுமீன் நம் தீபகற்பத்திலும் இயற்கையாக வாழ்வது. கரிச்சதுப்புக் காடுகளின் தேநீர் நிற ஓடைகளில் வாழ்வதால், சற்றே அமிலத்தன்மையுள்ள மென்னீரே அதற்கு உகந்தது.

முதலில் மாணவர்கள் ஆளுக்கொரு கல்லாகக் கொண்டு வந்தனர். நாங்கள் இருப்பதோ கிந்தா பள்ளத்தாக்கு. ஈப்போவைச் சுற்றி நிற்கும் குன்றுகள் பலவும் சுண்ணாம்புக்கல். கற்களின்மேல் வினிகர் விட்டதும் பெரும்பாலானவை நுரைத்தன. நுரைக்கும் கல் நீரைக் கடினமாக்கும். இந்த மீனுக்கு ஆகாது. அப்படியானால் நாமே பாறை செய்வோம் என்றேன். சிமெண்டே சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சுட்டு அரைத்துச் செய்வதுதான் என்பதை அந்த உற்சாகத்தில் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த ஸ்டைரோஃபோம் துண்டுகளை ஒரு தந்தை கொடுத்தார். கத்தியால் அறுத்தால் விளிம்பு செயற்கையாகத் தெரியும். விரலால் பிய்த்தால்தான் பாறைக்குரிய கரடுமுரடு வரும். பிய்ப்பதில் மாணவர்களுக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வகுப்பறையெங்கும் வெள்ளைமணிகள் பறந்தன. துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் நான் இருமுறை மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. துண்டுகளைப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலவாத சிலிக்கோன் பசையால் ஒட்டிக் குகைபோல் அமைத்தோம். பின்னர் தூரிகையால் மூன்று பூச்சு. முதற்பூச்சு தோசைமாவுப் பதம். அடுத்த இரண்டிலும் மணலும் சிறிதளவு செங்காவிப் பொடியும் சேர்த்தோம். ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். ஆகவே அதைக் குழைத்ததும் பூசியதும் நானே, கையுறையோடு. பிள்ளைகள் காய்ந்த பூச்சின்மேல் நீர் தெளித்துக்கொண்டே இருந்தனர். ஈரம் இருந்தால்தான் சிமெண்டு இறுகும்.

இனி ஊறவைத்தல். பெரிய வாளியில் பாறையை அமிழ்த்தினால் அது மேலே வந்து நின்றது! ஒரு லிட்டர் பருமனுள்ள ஸ்டைரோஃபோமை நீருக்குள் நிறுத்த ஏறத்தாழ ஒரு கிலோ எடை வேண்டும். செங்கற்களை ஏற்றி அமிழ்த்தினோம். நாள்தோறும் நீரை மாற்றினோம். நான்கு முதல் ஆறு வாரம் இப்படி ஊறினால்தான் சிமெண்டின் காரம் நீங்கும்.

காரம் நீங்கியதா என்று பார்க்கும் பொறுப்பை ஒரு மாணவன் தானாகவே ஏற்றான். அதிகம் பேசாதவன். அவன் வீட்டு வேலியில் சங்குப்பூ படர்ந்திருந்தது. மலாய்க்காரர்கள் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றும் அதே பூ. அதன் நீலச்சாறு அமிலத்தில் ஊதாவாகும், காரத்தில் பச்சையாகும். அவன் ஒவ்வொரு காலையும் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சாற்றை விட்டு, ஒன்றில் குழாய்நீரும் மற்றொன்றில் வாளிநீரும் சேர்ப்பான். முதல்நாள் வாளிநீர் நல்ல பச்சை. அவற்றின் நிறத்தை வண்ணப் பென்சிலால் நோட்டில் தீட்டி வைப்பான்.

மூன்றாம் வாரத்தில் பள்ளியின் திறந்தநாள் வந்தது. பெற்றோர் வருவார்கள், தொட்டி வெறுமையாக இருக்கலாமா? திங்களன்று பாறையைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் பசையிட்டு ஒட்டினேன். வியாழனன்று நீர் நிரப்பினோம். குளோரின் நீக்கும் மருந்தும் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் இருபது இருபது காசாகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பதினைந்து மீன்களை விடப்போனேன். அவன் அருகில் வந்து, "டீச்சர், இன்னும் கொஞ்சம் பச்சையாத்தான் இருக்கு," என்றான். நான் குவளையைப் பார்க்கவேயில்லை. "பரவாயில்லப்பா, போய் உட்கார்," என்றேன்.

திறந்தநாளில் பாராட்டு குவிந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மீன்கள் மிதந்தன.

புதிய தொட்டியில் மீன்கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றியமைக்கும் நுண்ணுயிர்கள் இன்னும் பெருகியிருக்கவில்லை. காரம் மிக்க நீரிலோ அந்த அம்மோனியாவின் நச்சு பன்மடங்காகும். இவ்விரண்டும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் பிள்ளையை விட வந்த ஒரு தாய் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "கடையில் நோயுள்ள மீனைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது," என்று என் வாய் சொல்லிவிட்டது. பின்னால் நின்ற மாணவி ஒருத்தி உடனே, "அந்த அங்கிள் நம்மள ஏமாத்திட்டாரு," என்றாள். மதியத்திற்குள் வகுப்பு முழுவதும் அதையே சொன்னது. அவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அவன் நோட்டைக் காட்டி என்னை எதிர்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆசிரியர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டு, தன் கண்ணால் கண்டதைத் தவறென்று எடுத்துவைத்த பிள்ளையை எப்படி எதிர்கொள்வது? இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். புதன்கிழமை வகுப்பில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாக எல்லாருக்கும் காட்டினேன். மீன் இறந்தது கடைக்காரரால் அன்று, என் அவசரத்தால் என்றேன். அன்று மாலை அந்தத் தாயையும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருவன், "அப்ப எங்க இருபது காசு?" என்று கேட்டான். பதினொரு மீன்களின் விலையை நான் கொடுத்தேன்.

பிழைத்த நான்கும் வேறொரு வாளிக்கு மாறின. பாறை ஒட்டியாயிற்றே, ஆகவே தொட்டியையே ஊறல்தொட்டியாக்கி, குழாய்வைத்து நீரை இறக்கி இறக்கி நிரப்பினோம். மேலும் ஐந்து வாரம் ஆயிற்று. எந்த நாளில் மீனை விடுவது என்று நான் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை அவன் இரண்டு குவளைகளையும் என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். எது குழாய்நீர், எது தொட்டிநீர் என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

"நாளைக்கும் ஒரு தடவ பாத்துடலாம், டீச்சர்," என்றான்.