யானைக்குச் சிறகு உண்டா?

உங்கள் வீட்டுக் குழந்தை யானைக்குச் சிறகு வைத்துப் படம் போட்டால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள், இல்லாவிட்டால் திருத்துவீர்கள். நான் திருத்தினேன். அந்தத் தவற்றைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அவிநாசிக்குப் பக்கத்திலுள்ள சேவூரில் என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய எட்டு வயது மகள், தகப்பனார் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டை ஒன்றை ஆசையோடு என்னிடம் நீட்டினாள். அதில் சிறகு விரித்த யானை!

"யானைக்கு ஏது கண்ணு சிறகு?" என்று சொல்லி, ரப்பரை எடுத்து நானே அழித்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நான் ஊருக்குக் கிளம்பும்வரை வேறு எந்தப் படத்தையும் என் கண்ணில் காட்டவில்லை.

சென்னை திரும்பிய பிறகு ஒரு புத்தகம் கைக்கு வந்தது. 2004-ல் சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட 'தி லண்டன் ஜங்கிள் புக்'. புரட்டினேன். பகீரென்றது. அதிலும் சிறகு முளைத்த யானை!

எழுதியவர் பஜ்ஜு ஷியாம். மத்தியப் பிரதேசத்தில் பாட்டன்கட் கிராமத்துக் கோண்டு பழங்குடியைச் சேர்ந்தவர். ஓவியக் கல்லூரியில் படித்தவரல்லர். தாயார் வீட்டுச் சுவரில் சித்திரம் தீட்டும்போது, அவர் கைக்கு எட்டாத இடத்தைப் பிள்ளை தீட்டுவாராம். பிழைப்புக்காகப் போபால் போய் இரவுக் காவலராகவும், எலெக்ட்ரீஷியனாகவும் இருந்தார். பிறகு, உறவினரான ஓவியர் ஜன்கட் சிங் ஷியாம் அவரைத் தமக்கு உதவியாகச் சேர்த்துக்கொண்டார்.

2002-ல் ஓர் உணவு விடுதிச் சுவரில் படம் எழுத லண்டன் சென்றார். அத்தனை கனமான விமானம் ஆகாயத்தில் எழும்புவது யானை பறப்பது போலத்தானே? அப்படியே வரைந்தார். பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழுவாயிற்று. தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்த 30-ஆம் நம்பர் பஸ், நன்றியுள்ள நாயாயிற்று. பிக் பென் கடிகாரமோ சேவலோடு சேர்ந்தது. இரண்டும் பொழுதைச் சொல்பவைதாமே! 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சகோதரிகளே, சுவரெதிரே நின்ற அந்தத் தாய் ஒருநாள், "இதென்ன கோணல்?" என்று மகன் கையைத் தட்டிவிட்டிருந்தால்?

அடுத்த முறை சேவூருக்குப் புத்தகத்தையும் எடுத்துப் போனேன். குழந்தை அந்த யானையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங் மாமா, இவங்கள யாரும் வையலீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. பென்சிலைச் சீவி அவள் கையில் கொடுத்தேன்.