பாணும் வெறுந்தேநீரும்

நம் பெரியகுளத்தில் ஒரு காலத்தில், ரொட்டி வாங்கிச் செல்பவரைக் கண்டால், "வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்பார்கள். ரொட்டி நோயாளிக்குரிய உணவு! இலங்கை மலையகத்திலோ அதன் பெயர் பாண். சம்பலோடு உண்ணும் அன்றாட உணவு.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை, அந்நாட்டுத் தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகை செய்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோருள் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். ஆயினும் அரசு ஏடுகள் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றன. காணாத நாட்டிற்குத் திரும்புவது எங்ஙனம்? அவர்களுள் சிலர், நம் ஊருக்கு மேலேயுள்ள கொடைக்கானல் மலையிலும் குடியேறினர்.

அத்தகைய குடும்பத்து மூதாட்டி ஒருவர் நமக்குப் பாலில்லாத தேநீரைத் தந்து, உள்ளங்கையில் சிறிது சீனியும் வைத்தார். மலையகத்தில் விருந்தினர்க்கும் அதுவே உபசாரம்.

"வந்த புதுசுல, பால் வாங்க வக்கில்லைன்னு நினைச்சுட்டாங்க சாமி. அங்க எங்கள இந்தியாக்காரங்கன்னாங்க, இங்க சிலோன்காரங்கன்னாங்க" என்றார். அவர் குரலில் கசப்பில்லை, களைப்பு இருந்தது.

அன்பர்களே, உடன்படிக்கைகள் மனிதரை எண்ணிப் பங்கிடலாம். நாவின் பழக்கத்தைப் பங்கிட அவற்றால் இயலாது. குடியுரிமையை அரசு தருகிறது. ஊரை அண்டை வீட்டார்தாம் தரவேண்டும். வந்தவர்க்கு நாம் அளிப்பது மட்டுமன்று, அவர் நீட்டும் குவளையை அவர் வழக்கப்படியே ஏற்பதும் விருந்தோம்பலே.