நிரப்பப்பட்ட இருக்கைகள்

"அமெரிக்காவில் ஒரே அடியாகப் பதினோராயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. நீங்கள் பதினான்கு பேர்."

நாங்கள் பணியாற்றும் கல்லூரியின் நிர்வாகத் தரப்பினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் கூறிய சொற்கள் இவை. நான்கு மாத ஊதியம் நிலுவையில் இருந்தது. அது வரும்வரை பருவத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்துவதில்லை எனச் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களாகிய நாங்கள் முடிவெடுத்திருந்தோம். அவர் குரலை உயர்த்தவில்லை. உதாரணத்தைச் சொல்லிவிட்டு எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார்.

அந்த உதாரணத்தை நாங்கள் தேடிப் படித்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

1981 ஆகஸ்டு 3ஆம் நாள் காலை, அமெரிக்காவின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஏறத்தாழ 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ரேடார் திரையில் நகரும் புள்ளிகளைப் பார்த்து, ஒரு விமானத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே உரிய உயரமும் தொலைவும் காப்பது அவர்கள் பணி. ஒரு கணக் கவனப்பிசகு நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொள்ளலாம். ஆண்டுக்கு 10,000 டாலர் ஊதிய உயர்வு, வாரத்துக்கு 32 மணி நேர வேலை, மேம்பட்ட ஓய்வுத் திட்டம் ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். முந்தைய ஆண்டுத் தேர்தலில் அவர்களது சங்கமான பேட்கோ ரொனால்ட் ரீகனையே ஆதரித்திருந்தது. ரீகனும் ஒருகாலத்தில் திரைப்பட நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்து, 1960இல் வேலைநிறுத்தம் நடத்தியவர்தான்.

ஆனால் கூட்டரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதைச் சட்டம் தடுத்திருந்தது. செய்யமாட்டோம் என்று அவர்கள் உறுதிமொழியும் அளித்திருந்தனர். ரீகன் 48 மணி நேரக் கெடு விதித்தார். ஆகஸ்டு 5ஆம் நாள், திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அக்டோபரில் சங்கத்தின் அங்கீகாரமும் பறிக்கப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ரீகனின் உறுதியைப் புகழ்வோரும் நிறுத்துகிறார்கள், அவரது கொடுமையை ஏசுவோரும் நிறுத்துகிறார்கள். எங்களுக்கோ அடுத்த பக்கமே முக்கியமாகப் பட்டது. விமானங்கள் எப்படிப் பறந்தன?

ஆணை விமானத்தை ஓட்டுவதில்லை. மேற்பார்வையாளர்கள் சுமார் 3,000 பேர், போராட்டத்தில் சேராத கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 2,000 பேர், இராணுவத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சுமார் 900 பேர் ஆகியோர் காலியான இருக்கைகளில் அமர்ந்தனர். விமான எண்ணிக்கையைக் குறைத்து, அட்டவணையைச் சுருக்கி, நாள்தோறும் கூடுதல் நேரம் உழைத்து வானத்தை இயங்கவைத்தனர். விமானிகளின் சங்கம் துணைக்கு வரவில்லை. கனடாவின் கட்டுப்பாட்டாளர்கள் இரண்டொரு நாள் அமெரிக்க விமானங்களைக் கையாள மறுத்தார்கள். பிறகு அவர்களும் பணிக்குத் திரும்பினார்கள். தாங்கள் இன்றி வானம் இயங்காது என்பதே போராடியவர்களின் நம்பிக்கை. அதை உடைத்தவர்கள், அதே தொழிலை அறிந்த, நேற்றுவரை பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள்.

அவர்களை இகழ எங்களுக்குத் தகுதியில்லை. வானில் ஏறியவர்களைப் பத்திரமாக இறக்கத்தான் வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்திருப்பார்கள், கடன் இருந்திருக்கும். எங்களுக்கும் இவையெல்லாம் இருந்தன.

தேநீர் குடித்த மூன்றாம் நாள், எங்கள் சார்பில் பேசிய மூத்தவருக்கு மட்டும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்ற கடிதம் வந்தது. அவரை நாங்கள் அக்கா என்றே அழைப்போம். மறுநாள் காலை புதிய பாடவேளை அட்டவணை வந்தது. அவரது வகுப்புகள் எங்களுக்குள் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பாடவேளைதான், பெரிய சுமையன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையாகக் கையெழுத்திட்டோம். நன்னூலில் பதவியலோடு அவர் நிறுத்தியிருந்தார். உயிரீற்றுப் புணரியலிலிருந்து நாங்கள் தொடங்கினோம். விடைத்தாள்களும் குறித்த நாளில் திருத்தப்பட்டன. மாணவர்கள் ஒரு வகுப்பைக்கூட இழக்கவில்லை. நிலுவையில் பாதி அந்த மாதமே வந்தது.

மாணவர்களுக்காகவே செய்தோம் என்று பல நாள் சொல்லிக்கொண்டோம். அதில் பொய்யில்லை. ஆனால் மாணவர்களை முன்னிட்டு, அவர் இல்லாமல் வகுப்பேற மாட்டோம் என்று ஒரே ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். கனடாக்காரர்கள் செய்த அளவுக்கேனும்.

பணிநீக்கம் செய்யப்பட்ட கட்டுப்பாட்டாளர்களை மீண்டும் சேர்ப்பதற்கு இருந்த தடையை 1993இல் கிளிண்டன் நீக்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. திரும்பிவந்தவர்கள் மிகச் சிலரே. இதற்கிடையே, அந்த இருக்கைகளில் அமர்ந்தவர்களே 1987இல் தங்களுக்கெனப் புதிய சங்கம் அமைத்துக்கொண்டார்கள். முன்னவர்களை விரட்டிய பணிச்சுமை அவர்கள் தோளிலும் ஏறியிருந்தது. எங்கள் ஊதியமும் இப்போது மறுபடி தாமதமாகிறது. பேசுவதற்கு அக்கா இல்லை.

சென்ற ஆண்டு ஒரு திருமண மண்டபத்தில் அவரைக் கண்டோம். பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறார். எங்களுக்குத்தான் பேச்சு வரவில்லை. அவரே அருகில் வந்து உட்கார்ந்து கேட்டார்.

"அந்த வருஷம் மெய்யீற்றுப் புணரியலை முடிச்சுட்டீங்களாப்பா? பிள்ளைங்க அதுலதான் தடுமாறுவாங்க."

முடித்துவிட்டோம் அக்கா என்றோம்.