இருபத்தைந்து நிமிட மிச்சம்

பிப்ரவரி 26, 2023, ஞாயிறு

காலை காபி இறங்குவதற்குள் கீழ்வீட்டுக் கிழவர் படியேறி வந்துவிட்டார். வாடகை பாக்கி இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததும் மனசுக்குள் ஒருமுறை தேதியைச் சரிபார்த்துக்கொண்டேன். விஷயம் வேறு. நேற்று ஃப்ளோரிடாவில், நார்த் போர்ட்டில் நடந்த பயிற்சி ஆட்டம். எங்கள் பாஸ்டன் ரெட் சாக்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும் 6-6. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். பேஸ்பாலில் இதற்கு மேல் பதற்றத்தைத் திணிக்க இடம் கிடையாது. அந்த நேரத்தில் அம்பயர் கையைத் தூக்கினார். அட்லாண்டாவின் பேட்டர் கேல் கான்லி, தனக்குத்தான் சாதகம் என்று நினைத்து முதல் பேஸை நோக்கி நடக்கத் தொடங்கினான். பாவம், தீர்ப்பு அவனுக்கு எதிராக. உரிய நேரத்தில் தயாராகவில்லை, ஆகவே மூன்றாவது ஸ்ட்ரைக். ஆட்டம் சமனில் முடிந்தது.

“வீசாத பந்துக்கு அவுட்!” என்றார் கிழவர். முப்பது வருஷம் தபால் பை சுமந்தவர். எதுவும் கைக்கு வந்து சேர்ந்தால்தான் அவருக்குக் கணக்கு.

இந்த வருஷத்துப் புதுச் சட்டம் இது. பேஸில் ஆள் இல்லையென்றால் பிட்சர் 15 விநாடிக்குள் வீச வேண்டும், ஆள் நின்றால் 20. கடிகாரத்தில் 8 விநாடி மிச்சமிருக்கும்போது பேட்டர் நிமிர்ந்து பிட்சரைப் பார்த்தாக வேண்டும். பிட்சர் தவறினால் ஒரு பால், பேட்டர் தவறினால் ஒரு ஸ்ட்ரைக். போன செப்டம்பரில் இதை முடிவு செய்த குழுவில் ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகள் நான்கு பேரும் எதிர்த்தே வாக்களித்தார்கள். எண்ணிக்கையில் தோற்றார்கள்.

மார்ச் 30, வியாழன்

முதல் நாள் ஆட்டம், பால்டிமோருடன், எங்கள் ஃபென்வே மைதானத்தில். 10-9 தோல்வி. வராந்தாவில் கம்பளி போர்த்திக்கொண்டு ரேடியோ கேட்டோம். இந்த மால்டன் மூன்றடுக்கு வீட்டில் டிவி இல்லாமல் இல்லை; கிழவருக்கு ஜோ காஸ்டிக்லியோனியின் குரல் வேண்டும். 1983 முதல் கேட்கிற குரல்.

எட்டாவது இன்னிங்ஸில் ரஃபேல் டெவர்ஸ். ஜனவரியில்தான் பத்து வருஷத்துக்கு 31 கோடி டாலருக்கு மேல் கொடுத்து இவரை நிறுத்தி வைத்தார்கள். அவர் நிமிர்வதற்குள் கடிகாரம் எட்டைத் தாண்டிவிட்டது. லீக் ஆட்டத்தில் கடிகாரத்தால் ஸ்ட்ரைக் அவுட் ஆன முதல் மனிதர் என்ற பெயர் எங்கள் ஆளுக்கே வாய்த்தது.

பால்டிமோர்காரர்கள் ஐந்து பேஸ் திருடினார்கள். அதிலும் புதுச் சட்டத்துக்குப் பங்குண்டு. ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் பேஸ் பக்கம் இரண்டு முறைதான் திரும்பலாம். மூன்றாவது தடவை எறிந்து ஆளைப் பிடிக்காவிட்டால் ஓடுபவனுக்கு ஒரு பேஸ் இனாம். பேஸின் அளவும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆகிவிட்டது. ஓடுகிறவனுக்குக் கொண்டாட்டம்.

கிழவர் கடிகாரத்தைத் திட்டினார். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பேத்தி, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: “தாத்தா, பேஸ் காலியாக இருந்தால் பன்னிரண்டு விநாடியில் வீச வேண்டும் என்று பழைய சட்டப் புத்தகத்திலேயே இருந்ததே, தெரியுமா?” தெரியும். யாரும் அமல்படுத்தவில்லை, அவ்வளவுதான். “அப்படியானால் உங்களுக்குச் சட்டம் பிரச்சினை இல்லை. அமல்படுத்துவதுதான் பிரச்சினை.” கிழவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

ஏப்ரல் 10, திங்கள்

எங்கள் ஆடம் டுவால் டெட்ராய்ட்டில் பாய்ந்து பிடிக்கப்போய் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஒன்பது நாள் முன்புதான், ஏப்ரல் 1-ஆம் தேதி, பால்டிமோர்காரன் ஒருவன் கைக்கு வந்த பந்தைத் தவறவிட, அடுத்து இவர் அடித்த ஹோம்ரனில் ஜெயித்தோம். இந்த அணிக்கு நல்லது நடந்தால் தவணை முறையில் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 22, சனி

மில்வாக்கியிலும் இன்னும் சில ஊர்களிலும் பீர் விற்பனையை ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்தாமல் எட்டாவது வரை நீட்டுகிறார்களாம். ஆட்டம் சுருங்கினால் குடிக்கும் நேரமும் சுருங்குகிறதே என்ற கவலை. போன வருஷம் எங்களிடம் இருந்த மேட் ஸ்ட்ராம் இதை எதிர்த்துப் பேசியிருக்கிறார். ஏழோடு நிறுத்தியது, குடித்தவர்கள் தெளிந்து வண்டி ஓட்டத்தானே என்பது அவர் வாதம். கிழவரும் பேத்தியும் ஒரே பக்கம் நின்ற ஒரே விஷயம் இது.

மே 12, வெள்ளி, நள்ளிரவு

மூவரும் ஃபென்வே போனோம். கென்மோர் நிலையத்தில் இறங்கும்போது கூட்டமே நம்மை மேலே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. 1912-இல் கட்டிய மைதானம். 37 அடி பச்சைச் சுவர். அதன் அடிவாரத்தில் இன்னமும் கையால் எண் மாற்றுகிற ஸ்கோர் பலகை. இவற்றுக்கு நடுவே விநாடி ஓடும் கடிகாரம், கல்யாண வீட்டில் மீட்டர் போட்டுக் காத்திருக்கும் ஆட்டோ மாதிரி.

முதல் அரை மணி நேரம் நானும் அதையேதான் பார்த்தேன். பிறகு மறந்துபோனேன். மறந்தது கிழவருக்கும் தெரிந்துவிட்டது, அவரும் மறந்திருந்தார். ஒப்புக்கொள்வாரா? எங்கள் பழைய ஆட்டக்காரர் நோமர் கார்சியாபாராவைப் பற்றி ஆரம்பித்தார். ஒவ்வொரு பந்துக்கும் முன்பு கையுறைப் பட்டையை இழுத்து இழுத்து மாட்டுவார், ஷூ நுனியை மாற்றி மாற்றித் தரையில் தட்டுவார். பின்வரிசையில் ஒரு குழந்தை சிரிக்கும்படி கிழவர் உட்கார்ந்த இடத்திலேயே நடித்துக் காட்டினார். நடித்து முடிப்பதற்குள் களத்தில் இரண்டு பந்து வீசியாகிவிட்டது. அவர் பார்க்கவில்லை.

கடிகாரத்தை நான் ஆதரிக்கிறேன். ஐந்து நாள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் சொல்கிறேன்: மெதுவாக இருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. 2021-இல் ஓர் ஆட்டத்தின் சராசரி நீளம் மூன்று மணி பத்து நிமிடம். அதில் கையுறைக்கும், தொப்பிக்கும், பெருமூச்சுக்கும் போனது எவ்வளவு! ஆனால் நோமரின் பட்டை இழுப்பு சும்மா இருந்த நேரமா? அதைப் பார்க்கவே வந்தவர்கள் இருந்தார்கள். இந்த இடத்தில் என் ஆதரவு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

ஒன்பதாவதில் கென்லி ஜேன்சன். லீக்கிலேயே நிதானமாக வீசுகிறவர்களில் ஒருவரைக் கடிகாரம் வரும் வருஷம் பார்த்து வாங்கியது எங்கள் நிர்வாகம். நேற்று முன்தினம் அட்லாண்டாவில் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துத் தனது 400-ஆவது ‘சேவ்’ எடுத்தார். இன்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரிடமிருந்து முன்னிலையைப் பிடுங்கிக்கொண்டது.

“கடிகாரம்” என்றார் கிழவர். “ஆள் தேர்வு” என்றாள் பேத்தி. ரயிலில் மால்டன் வரை இதேதான்.

மே 13, சனி

இன்றும் ஜேன்சன், இன்றும் கார்டினல்ஸ், இன்றும் போயிற்று. கிழவர் படியேறி வரவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

நேற்று மாலை ஆறு மணியோடு வீரர் பரிமாற்றக் கெடு முடிந்தது. பிளே-ஆஃபுக்கான வைல்ட் கார்டு இடம் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம். அணியைக் கட்டுகிற பொறுப்பிலுள்ள ஹைம் ப்ளூம் கொண்டுவந்தது லூயிஸ் உரியாஸ் ஒருவரை. ஒரே ஒருவர்.

வராந்தாவில் பெரிய சண்டை. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆரம்பித்தது. அங்கே ஆடிய ஸாண்டர் போகார்ட்ஸை சான் டியேகோ 11 வருஷம், 28 கோடி டாலர் என்று தூக்கிக்கொண்டு போனது. அந்த இடத்துக்கு வர வேண்டிய ட்ரெவர் ஸ்டோரிக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை. ஆகவே எங்கும் ஆடக்கூடிய கிகே எர்னாண்டஸை அங்கே நிறுத்தினார்கள். பந்து அவர் கையில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. போன வாரம் அவரையும் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியாகிவிட்டது. ஜப்பானிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒன்பது கோடிக்கு வந்த மசடகா யோஷிடாவைச் சொல்லிப் பேத்தி ப்ளூமுக்கு வக்காலத்து வாங்கினாள். ஏப்ரலில் ஒரே இன்னிங்ஸில் இரண்டு ஹோம்ரன் அடித்தவர். கிழவர் அசையவில்லை. “வந்தவர்களை விடு. போனவர்களை எண்ணு.”

எண்ணினோம். மூக்கி பெட்ஸில் வந்து நின்றது. எப்போதும் அங்கேதான் வந்து நிற்கும். 2018-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், 2020 பிப்ரவரியில் டாட்ஜர்ஸுக்குக் கைமாறினார்.

மணி பார்த்தேன், பத்து. முன்பெல்லாம் இந்நேரம் எட்டாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருக்கும். இந்தச் சண்டை பந்துக்கும் பந்துக்கும் நடுவே துண்டு துண்டாக நடந்து முடிந்திருக்கும். கடிகாரம் ஆட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம் போல மிச்சப்படுத்துகிறது. அதை நாங்கள் சிந்தாமல் சிதறாமல் எடுத்து வந்து இந்த வராந்தாவில் செலவழிக்கிறோம். காலை ஆறரைக்கு வேலைக்குப் போக வேண்டியவள் என்பதால் கடிகாரத்தை ஆதரிப்பதாகச் சொல்லும் பேத்தி, பதினொன்றே கால் வரை எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி, இரவு

டாட்ஜர்ஸ் வந்திருக்கிறார்கள். கைமாறிய பிறகு மூக்கி பெட்ஸ் ஃபென்வேயில் ஆடுவது இதுவே முதல்.

கிழவருக்கு மதியத்திலிருந்தே ஒரே கவலை. ஏப்ரலில் கோடி பெல்லிஞ்சர் தன் பழைய டாட்ஜர்ஸ் மைதானத்துக்குத் திரும்பினார். ஜனங்கள் எழுந்து கைதட்ட, அவர் தொப்பியைத் தொட்டு ஏற்றுக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் ஓடி ஒரு ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டார்கள். இங்கேயும் அப்படிச் செய்வார்களா? “செய்தால் செய்யட்டும், நமக்கு ஒரு ஸ்ட்ரைக் லாபம்” என்றேன் விளையாட்டாக. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த மாத வாடகை ஏறிவிடும் போலிருந்தது.

2018 உலகத் தொடரில் டாட்ஜர்ஸோடு பதினெட்டு இன்னிங்ஸ் நடந்ததே, ஏழு மணி இருபது நிமிடம், இங்கே விடிகாலை மூன்றரை வரை. அன்று கிழவர் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். அந்த ஆட்டம் தோல்வி. “தூக்கம் வந்ததா?” என்று கேட்டேன். “களத்தில் மூக்கி இருந்தான்” என்றார், அதுவே பதில் என்பதுபோல.

ஆட்டத்தின் முதல் பேட்டரே மூக்கிதான். ரேடியோவில் பெயர் வந்தது, பிறகு கைதட்டல். கிழவர் மடியில் இடது கையை விரித்து, வலது கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் கணுவையும் தொட்டு எண்ண ஆரம்பித்தார். பேத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்கு மாறினார். கைதட்டல் ஓயவில்லை. நடுவில் எங்கேயோ எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.