கறுப்புக் குட்டியும் கேப் முனைக் காவலர்களும்

சாக்மா பபூன் குரங்கின் குட்டி பிறக்கும்போது உடம்பெல்லாம் கறுப்பாக இருக்கும். முகமும் காதும் மட்டும் இளஞ்சிவப்பு. ஆறு மாத வாக்கில் கறுப்பு மாறி, பெரியவற்றின் பழுப்புச் சாம்பல் நிறம் வந்துவிடும். கறுப்பு இருக்கும்வரை கூட்டம் முழுவதன் கண்ணும் அதன்மேல்தான். மற்றப் பெண் குரங்குகள்கூடத் தாயின் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் உறுமி, தாய் அசையாமல் இருந்தால்தான் குட்டியைத் தொடும். தென்னாப்பிரிக்காவின் கேப் தீபகற்பத்தில் பபூன் காவலராகச் சேருபவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்த நிறம். இப்போது சேருகிறவர்களுக்குக் கடைசியில் சொல்லித்தரப்படுவதும் இதுதான்.

சைமன்ஸ் டவுன், ஸ்கார்பரோ, டோக்காய் போன்ற ஊர்களின் ஓரத்தில் இந்தக் கூட்டங்கள் மேய்கின்றன.  விடியலில் கூட்டம் பாறையிலிருந்து இறங்குவதுமுதல் அந்தியில் திரும்ப ஏறுவதுவரை அதை ஊருக்குள் விடாமல் திருப்பிக்கொண்டே இருப்பது காவலர் வேலை. வெளியார் இதைக் குரங்கு விரட்டுவது என்கிறார்கள். விரட்டக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் போதும். பழகியும் கைவராத இடம் ஒன்று உண்டு: கேப் முனையைச் சுற்றிப்பார்க்க வந்த குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தையும் ஒரு கறுப்புக் குட்டியும் ஒன்றையொன்று பார்த்துவிட்ட அந்த நேரம்.

இரண்டுக்கும் ஆவல் ஒன்றுதான். குட்டி தாயை விட்டு நாலடி தள்ளி வருகிறது. குழந்தை கையை நீட்டுகிறது. பெற்றோர் கைபேசியைத் தூக்குகிறார்கள். குழந்தை செய்வதெல்லாம் பபூன் கணக்கில் தப்பு. கண்ணெடுக்காமல் பார்ப்பது அங்கே மிரட்டல். உறுமி இசைவு கேட்காமல் குட்டியிடம் கை நீட்டுவது தாய்க்குப் பொறுக்காது. உற்சாகக் கூச்சலும் அலறலும் அதற்கு ஒன்றுதான். போதாததற்குக் குழந்தையின் கையில் பிஸ்கட் வேறு. நான்கு காலில் நிற்கும் ஆண் பபூனும் சிறு குழந்தையும் கிட்டத்தட்ட முகத்துக்கு முகம் வரும் உயரம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குட்டி மிரண்டு ஒரு தரம் கத்தினால் போதும்.

கத்தினால் யார் வருவார் என்பதுதான் கேள்வி. தாய் சுமார் 15 கிலோ; அது வருவது தெரிந்ததே. தெரியாதது இன்னொன்று. போட்ஸ்வானாவின் மொரேமியில் ரைன் பாலம்பிட், ராபர்ட் சேஃபார்த், டோரத்தி செனி ஆகிய மூவரும் செய்து 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குட்டியுள்ள பெண் பபூனின் அலறலைப் பதிவுசெய்து, மறைத்துவைத்த ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். அந்தப் பெண்ணோடு நட்பாயிருந்த ஆண், மற்ற ஆண்களைவிட அழுத்தமாகத் திரும்பியது. குட்டி இறந்துபோன பிறகு அதே அலறலுக்கு அந்த அக்கறை இல்லை. ஆக, ஆணின் காவல் குட்டிக்குத்தான். வெளியிலிருந்து வந்து தலைமையைப் பிடிக்கும் ஆண்கள் கைக்குட்டிகளைக் கொல்வது மொரேமிக் கூட்டங்களில் வழக்கம் என்பதால் இந்தக் காவல் தேவைப்படுகிறது.

இந்த நண்பன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்றில்லை. பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, தூங்கி வழிவதுபோல இருக்கும். எடை 30 கிலோவுக்கு மேல். கோரைப்பல் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். அதனால் தேர்ந்த காவலர் குட்டியின்மேல் கண்ணை வைப்பதில்லை. தாய் எங்கே, நண்பன் எங்கே, புதிதாக வந்த ஆண் எதுவும் கூட்டத்தில் உண்டா என்று பார்க்கிறார். புதியவன் இருந்தால் நண்பன் ஏற்கெனவே முறுக்கேறி இருக்கும்; சிறு கத்தலுக்கும் பாயும். இதை அறிய ஒவ்வொரு குரங்கின் முகமும் உறவும் தெரிந்திருக்க வேண்டும். வேலையின் பெரும்பகுதி இந்த மனப்பாடம்தான்.

பிறகு செய்வது பார்ப்பவருக்கு ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும். காவலர் கத்துவதில்லை, ஓடுவதில்லை. குட்டிக்கும் தாய்க்கும் நடுவே கால் வைப்பதில்லை. நண்பன் இருக்கும் திசைக்கும் குறுக்கே போவதில்லை. பெற்றோரைக் குழந்தையின் பின்பக்கமாக வரச்சொல்லி, தூக்கி மார்போடு அணைத்து, பக்கவாட்டில் நகரச் சொல்கிறார். பிஸ்கட்டைக் கீழே விட்டுவிட வேண்டும்; பிடுங்க வரும் பபூனோடு இழுபறி செய்த கைகளுக்குத்தான் காயம் அதிகம். காவலர் ஆணுக்குத் தன் பக்கவாட்டைக் காட்டி, கண்ணைத் தாழ்த்தி நிற்கிறார். நண்பன் புருவத்தை உயர்த்தி வெளிறிய இமையைக் காட்டுகிறதா, தரையில் அறைகிறதா, கோரைப்பல் தெரியக் கொட்டாவி விடுகிறதா என்பது ஓரக்கண்ணில் தெரிய வேண்டும். எல்லாம் நல்லபடி முடிந்தால், காவலர் சும்மா நின்றார் என்று பயணிகள் புகார் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு.

2012 வாக்கில் பெயிண்ட்பால் துப்பாக்கி வந்தது. கூட்டத்தை ஊருக்கு வெளியே நிறுத்த அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கறுப்புக் குட்டி பக்கத்தில் இருக்கும்போது சுடுவது அறிவீனம். பெண்கள் சிதறும், குட்டி கத்தும், காவல் ஆண் ஓடாமல் திரும்பி நிற்கும். நடுவில் மாட்டுவது குழந்தை. பபூனின் கழுத்தில் மாட்டிய பட்டை அனுப்பும் இடப்புள்ளியைத் திரையில் பார்த்துக் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் புதியவர்களுக்கு, அந்தப் புள்ளி யாருக்கு நண்பன் என்று தெரிவதில்லை. தெரிந்துகொள்ளாமலே சம்பளம் வருகிறது.

பபூன் மனிதரைக் கொன்றது மிக அரிது. பெரும்பாலான மோதல்கள் உணவுப் பறிப்போடும் கீறலோடும் முடிகின்றன. கடி விழுந்தால் கதை வேறு. கோரைப்பல் துளை மேலே சிறிதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், சீழ் பிடிக்கும். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸ், ரேபிஸ் ஊசிகள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். குழந்தைக்குக் கடி முகத்திலும் தலையிலும் விழக்கூடும் என்பதால் தாமதம் கூடாது.

மனிதரைத் தாக்கும் பபூனைக் கொன்றுவிடுவது அங்கே நடந்திருக்கிறது. கார்க் கதவைத் திறந்து உணவெடுப்பதில் பேர்போன ஃப்ரெட் என்ற ஆண் 2011-ல் அப்படித்தான் போனது. கொல்லப்பட்டது தலைமை ஆண் என்றால் அந்த இடத்துக்கு வெளி ஆண் வரலாம். வந்தால் முதல் ஆபத்து கூட்டத்துக் கறுப்புக் குட்டிகளுக்கே. அந்த வாரங்களில் தாய்களும் நண்பர்களும் எதற்கும் சீறும். விவரம் தெரிந்த காவலர் அப்போது குழந்தைகளோடு வருபவர்களை வண்டியை விட்டு இறங்கவே விடமாட்டார்.