மருமகனின் ஸ்கிடூப் பந்தயம்

சட்பரி,
கார்த்திகை 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் செய்தி கிடைத்தது. இந்தக் குளிருக்கு ஸ்கிடூப் பந்தயம் ஓடியே தீருவேன் என்று மருமகன் ஒற்றைக்காலில் நிற்கிறான், மச்சானும் அவன் பக்கம், உனக்கு நித்திரை இல்லை. "அண்ணா, நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் கதைத்தால் பாதி விடுபட்டுப் போகும். அதனால்தான் எழுதுகிறேன். மச்சானும் இதை ஆறுதலாக வாசிக்கட்டும்.

உன்னுடையது வீண் பயம் இல்லை. கனடியக் குழந்தை மருத்துவர் சங்கமும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஸ்னோமொபைல், அதாவது நாங்கள் ஸ்கிடூ என்கிற பனிவண்டி, ஓட்டக் கூடாது என்றே சொல்கின்றன. ஒன்ராறியோச் சட்டம் அவ்வளவு இறுக்கம் இல்லை. 12 வயதில் பயிற்சி முடித்து அனுமதிப்பத்திரம் எடுத்தால் தடங்களில் ஓட்டலாம், ஆனால் 16 ஆகும் வரை பொது வீதியைக் கடக்கவும் கூடாது. மருமகனுக்கு ஒன்பது வயதுதான். தடத்துக்கு அவன் போகவே முடியாது. அவன் கேட்பது சுற்றி வேலி அடைத்த ஓடுபாதையில் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் ஓட்டம். மருத்துவர்கள் அதற்கும் விலக்குக் கொடுக்கவில்லை. இதை மறைத்துவிட்டு உனக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனம் வராது.

அவன் ஆசைப்படுவது 120 என்று எல்லோரும் சொல்லும் சின்ன வண்டி. ஆர்க்டிக் காட், பொலாரிஸ் போன்ற நிறுவனங்கள் பிள்ளைகளுக்கென்றே செய்தவை. ஏறத்தாழ 120 சிசி, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். கடையிலிருந்து வரும்போது வேகக் கட்டுப்பாடு பூட்டியே வரும், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான் ஓடும். மச்சானின் வண்டியோ 200 கிலோவுக்கு மேல் பாரம், 150 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். ஆனால் ஒன்றைக் கவனி. 120இலும் பிரிவுகள் உண்டு. ஸ்டொக் பிரிவில் வண்டி வந்தபடியே ஓட வேண்டும். அதற்கு மேலான பிரிவுகளில் வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றி, எஞ்சினையும் ஸ்கீயையும் மாற்றுவார்கள். அங்கே வேகம் வேறு, விழுகிற விழுகையும் வேறு. மருமகன் ஸ்டொக்கிலேயே நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெடியன் மேலே போய்விட்டான் என்று மச்சான் அவசரப்படக் கூடாது.

பந்தய நாட்களில் நான் பரிசோதனை மேசையில் உதவிக்கு நிற்பது உனக்குத் தெரியும். அங்கே பார்ப்பதைச் சொல்கிறேன். வட அமெரிக்காவில் பல பந்தயங்களுக்கு ஐ.எஸ்.ஆர். என்ற அமைப்பின் விதிநூல்தான் அடிப்படை. அந்தந்த இடத்து ஏற்பாட்டாளர்கள் அதன்மேல் தங்கள் விதிகளைச் சேர்ப்பார்கள். நூல் தடிப்பமானது, ஆனால் மேசையில் நாங்கள் முதலில் தேடுவது ஒரு சுருள் கயிற்றைத்தான். ரெதர் என்போம். ஒரு முனை பிள்ளையின் உடுப்பில் கொளுவியிருக்கும், மறு முனை கைபிடிக்குப் பக்கத்திலுள்ள மூடியில். பிள்ளை தூக்கி எறியப்பட்டால் மூடி கழன்று எஞ்சின் அந்தக் கணமே நிற்க வேண்டும். நான் எஞ்சினை ஓடவிட்டுக் கயிற்றை இழுத்துப் பார்ப்பேன். ஒரு விநாடி இழுபட்டு நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். பிறகு வலது பெருவிரலால் அமத்தும் த்ரொட்டில். விரலை எடுத்ததும் அது சட்டென்று திரும்பி வர வேண்டும். ஈரம் உறைந்தால் அது பனியில் ஒட்டிக்கொள்ளும். பந்தயத்துக்கு முன் வீட்டில் பார்த்தது போதாது, ஓடுபாதைக்குப் போக முன்னும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

வண்டியின் பின்னால் தொங்கும் றப்பர் மடலைச் சிலர் அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். வண்டிக்கு அடியில் சுழலும் பட்டி கிளப்பி எறிகிற பனிக்கட்டியும் அதிலிருந்து கழலும் ஆணியும் பின்னால் வருகிற பிள்ளையின் முகத்துக்குப் போகாமல் தடுப்பது அதுதான். ஓட்டத்துக்கு முன் வண்டிகளைத் தயார்ப்படுத்தும் இடத்தில் வண்டியைச் சூடாக்கும்போதும் இதே ஆபத்து. பின்பக்கத்தைத் தூக்கி, பட்டியை மறைக்கிற தாங்கியில் நிறுத்தித்தான் எஞ்சினை முறுக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் பின்னால் நிற்கக் கூடாது. சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வருவாய் என்றபடியால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உடுப்புக்கு வருவோம். முழு முகத்தையும் மூடும் ஹெல்மெற், உடையாத கண்ணாடி, நெஞ்சுக்கும் முதுகுக்கும் கவசம், முழங்காலுக்கும் கணைக்காலுக்கும் கவசம், கணுக்காலுக்கு மேலே வரும் சப்பாத்து, கையுறை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஓட விடமாட்டோம். பல இடங்களில் ஹெல்மெற் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். முன்னால் போகிறவன் கிளப்பும் பனிப்புழுதியில் விழுந்து கிடக்கிற பிள்ளையை அந்த நிறம்தான் காட்டிக்கொடுக்கும். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிவிடாதே. அதன் நுனி வண்டியில் சிக்கினால் பிள்ளையின் கழுத்தைத்தான் இறுக்கும். குளிருக்குக் கழுத்தோடு ஒட்டிய உறை வாங்கலாம்.

ஹெல்மெற்றில்தான் கன பேர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். "அடுத்த வருடமும் போடட்டும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது பெரிய பிழை. பள்ளிக்கூடச் சப்பாத்தை அப்படி வாங்கலாம், இதை வாங்கக் கூடாது. போட்டுவிட்டு நாடிப் பக்கத்தைப் பிடித்து இடமும் வலமும் திருப்பு. ஹெல்மெற்றோடு சேர்ந்து கன்னத்துத் தோலும் அசைய வேண்டும். ஹெல்மெற் மட்டும் சுற்றினால் அது அவனுக்குரியது இல்லை. பெரியவர்களின் ஹெல்மெற் பாரமானது, பிள்ளையின் கழுத்தோ இன்னும் பலப்படாதது. மோட்டார் பந்தயம் ஓடும் சிறுவர்களுக்கென்று ஸ்னெல் நிறுவனம் 2007இல் தனித் தரமே கொண்டுவந்தது. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெற்றை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி போடக் கூடாது. யாரோ கழித்துவிட்டதை வாங்கவும் கூடாது, அது எத்தனை தரம் விழுந்ததென்று யாருக்குத் தெரியும்?

கொடிகளை மருமகன் மனப்பாடம் பண்ணியிருப்பான். பச்சை தொடக்கம், வெள்ளை கடைசிச் சுற்று, சிவப்பு நிறுத்து, கறுப்பு வெளியே வா, கட்டம் போட்டது முடிவு. அவன் உடம்போடு பழக்க வேண்டியது மஞ்சளை. மஞ்சள் அசைந்தால் முன்னால் யாரோ விழுந்திருக்கிறான், வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. வண்டிக்கு அடியில் கிடக்கிற பிள்ளைக்கும் பின்னால் வருகிற பிள்ளைக்கும் நடுவில் அந்தத் துணி ஒன்றுதான் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று "போடா, போடா" என்று கத்துகிற தகப்பனின் குரல் கொடியை மறைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை கொடியையும் பார்த்து, அப்பாவின் முகத்தையும் பார்த்தால், அப்பாவின் முகம்தான் வெல்லும். மச்சானுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மஞ்சளுக்கு அவன் வேகத்தைக் குறைத்து இடத்தை இழந்து வந்தால், அன்று வீட்டில் அவனுக்குப் பாராட்டு நடக்க வேண்டும்.

இன்னொன்று, தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்பது. ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பிள்ளை, றக்பி விளையாடும்போது தலையில் அடுத்தடுத்து அடிபட்டு 2013இல் இறந்தாள். அவளுடைய பெயரில் ஒன்ராறியோ 2018இல் சட்டம் கொண்டுவந்தது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். மருமகன் விழுந்து எழும்பி "எனக்கு ஒன்றும் இல்லை" என்பான். எல்லாப் பெடியன்களும் அப்படித்தான் சொல்வார்கள். தலையிடி, சத்தி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, இவற்றில் எதைக் கண்டாலும் நேரே ஆஸ்பத்திரி, மருத்துவர் சொல்லும் வரை ஓட்டம் இல்லை. இந்த முடிவை எடுக்கிற உரிமை உனக்கு மட்டும் என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். ஓட்டத்தின் சூட்டில் மச்சானால் அதைச் செய்ய முடியாது.

என்னைக் கேட்டால், விடலாம் என்பதுதான் என் முடிவு. காரணத்தையும் சொல்கிறேன். நீங்கள் மறித்தால் அவன் அந்த ஆசையை விடப்போவதில்லை. ஏரிக்கரையில் கூட்டாளியின் வீட்டுப் பெரிய வண்டியில் யாருக்கும் தெரியாமல் ஏறுவான். அங்கே கொடி இல்லை, ரெதரைப் பார்க்க ஆள் இல்லை, அவசர வண்டி பக்கத்தில் இல்லை. ஸ்கிடூ போக ஏரியின் பனிக்கட்டி 25 சென்ரிமீற்றராவது தடிப்பம் வேண்டும் என்று செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது, அதை எந்தப் பிள்ளை துளைபோட்டு அளக்கப்போகிறது? ஆகவே பந்தயத்துக்கு ஓம் சொல்லும்போதே ஏரிக்கு இல்லை என்று சத்தியம் வாங்கு. ஸ்டொக் பிரிவு மட்டும், பெரிய வண்டி வேண்டாம், உடுப்பில் ஒரு குறையும் கூடாது. மச்சான் இவற்றுக்கெல்லாம் உடன்படாவிட்டால் இந்த வருடம் வேண்டாம் என்றே சொல். நான் உன் பக்கம் நிற்பேன்.

மார்கழி முதற் கிழமை நான் ரொறன்ரோவுக்கு வருகிறேன். அவனையும் கூட்டிக்கொண்டு போய் ஹெல்மெற்றைப் போட்டுப் பார்த்தே வாங்குவோம். அதுவரைக்கும் இணையத்தில் மலிவாகக் கிடக்கிறது என்று ஹெல்மெற் எதையும் வாங்கி வைக்காதே.

அன்புடன்,
அண்ணா