அக்கா கேட்ட கேள்வி

2022 ஆடி மாதம் அது. அக்காவுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. முதுகில் ஓயாத வலி. நாலு மாசத்தில் பத்து கிலோ குறைந்துவிட்டாள். "வாயுதான்டி, ஓமத் தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்" என்று தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். கண் மஞ்சளான பிறகுதான் டாக்டரிடம் போனோம். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. அதனால் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரிகிறதாம்.

கீமோ நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவிலிருந்து அக்கா பிள்ளை ஃபோன் செய்தான். "சித்தி! இங்கே போர்ட்லாண்டுல, அம்மா மாதிரியே ஒருத்தங்களுக்கு அவங்க ரத்த அணுவையே மாத்திக் கொடுத்துக் குணமாக்கியிருக்காங்க. அம்மாவை உடனே அழைச்சுக்கிட்டு வாங்க!"

அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. எந்த நகையை விற்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

மறுநாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, பொறுமையாக விளக்கினார். நம் ரத்தத்தில் 'டி' அணுக்கள் காவல்காரர்கள் மாதிரி. ஆனால் புற்றணுவை அவை பல சமயம் அடையாளம் கண்டுகொள்வதில்லை. அவற்றை வெளியே எடுத்து, புற்றணுவைக் கண்டுபிடிக்கும் மரபணுவைச் சேர்த்து, பெருக்கி, மறுபடி உடம்புக்குள் செலுத்துகிறார்கள். திருடனின் படத்தைக் காவல்காரன் கையில் கொடுத்த மாதிரி! அந்த 71 வயதுப் பெண்மணிக்குச் செலுத்தியவை சுமார் 1,620 கோடி அணுக்களாம். ஆறு மாதத்தில் நுரையீரலுக்குப் பரவியிருந்த கட்டிகள் 72 சதவீதம் சுருங்கின. 2022 ஜூனில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது.

"சுருங்கினதும் குணமானதும் ஒண்ணு இல்லைம்மா" என்றார் டாக்டர்.

அதுவரை பேசாதிருந்த அக்கா கேட்டாள்: "அந்தம்மா ஒருத்தருக்குத்தான் கொடுத்தாங்களா, டாக்டர்? வேற யாருக்கும் கொடுக்கலையா?"

எனக்குத் தோன்றாத கேள்வி! இன்னொரு நோயாளிக்கும் கொடுத்தார்கள், பலன் கிடைக்கவில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அதனால்தான் அதன் பெயர் பரிசோதனை. அதோடு, கட்டியில் 'கேராஸ்' மரபணுவின் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்க வேண்டும். திசு வகையும் பொருந்த வேண்டும்.

இரண்டையும் சோதித்தார்கள். மாற்றம் இருந்தது; திசு வகை பொருந்தவில்லை. நான்தான் அழுதேன். அக்காவோ, "பொருந்தறவங்களுக்காவது நல்லது நடக்கட்டும்டி. நீ நகையைப் பத்திரமா வை" என்றாள்.

அதன் பிறகு கையில் இருந்ததைச் செய்தோம். வலிக்கு நல்ல மருந்து. சாப்பாட்டோடு செரிமானத்துக்கான என்ஸைம் மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்த சாதம். பிள்ளை வந்து ஒரு மாதம் கூடவே இருந்தான். பங்குனியில் அக்கா போய்விட்டாள், பெரிய வலியில்லாமல்.

அதே 2023 அக்டோபரில், மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இது போன்ற அணு சிகிச்சைக்கு நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே. கணையத்துக்கு இன்னும் பரிசோதனைதான்.

சகோதரிகளே! காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், முதுகுவலி விடாமலிருந்தால், ஐம்பதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்தால், ஓமத் தண்ணீரோடு நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். புதுச் சிகிச்சை என்று யாராவது சொன்னால், நம்பிக்கையோடு கேளுங்கள். கூடவே அக்காவின் கேள்வியையும் கேளுங்கள்: "பலன் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்?"